ஞானநூல் கற்கும் முறைமை

ஞானநூலை ஓதுதல், பிறரை ஓதுவித்தல், அதன் பொருளைப் பிறர்க்கு எடுத்துரைத்தல், அதனைத் தான் கேட்டல், கேட்டதனைப் பழுதறச் சிந்தித்தல் என்னும் ஐந்தினையும் ஞானபூசை யென்று சிவஞானசித்தியாரில் வகுத்தருளினார் அருணந்தி சிவாசாரியர். பூசை என்னுஞ் சொல் ஈண்டு வாளா கூறப்பட்டதன்று. சிவலிங்க பூசை செய்வானொருவன் நீராடாமலும், மலரை ஆராயாமலும், மந்திரத்தை முறைபிறழச் சொல்லியும் அதனைச் செய்வானாயின், நம்மவர் அதனைப் பூசையென்று கொள்ளார். அவ்வழுவிற்குக் கழுவாய் யாதென்று ஆராய்வர். அங்ஙனமாகவும், ஞானநூலைக் கையிலெடுத்துக் கண் சென்றவழி ஏட்டைப் புரட்டி, மனஞ் சென்றவழி எழுந்து போவானைக் குறித்து, 'இவன் செய்தது ஞானபூசையாமோ?' என்று வினவுவார் நம்மில் அரியர். பூசைக்கு விதியுளதாயின் ஓதற்கும் விதியுண்டு. விதியுளதாயின் வழுவும் உண்டு. வழுவுண்டாயின் அதனை ஆராய்ந்து களைதலும் கடனாம். ஒவ்வொருவரும் தாம் நூல் கற்கும் முறைமையைத் தாமே ஆராய்ந்து திருத்திக்கொள்ளுமாறு யாங்ஙனம் என்பதே இக்கட்டுரை நுதலிய பொருளாம்.

இவ்வாராய்ச்சி எக்காலத்தும் வேண்டற்பாலதேயாயினும், இக்காலத்து மிகுதியும் வேண்டப்படுகின்றது. என்னையெனின், கூறுதும். முன்னாளில் நூல் பனையோலையில் இருந்தது. ஓலையில் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை; எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடாமல் நின்றன; காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றின; செய்யுளும் அடி பிரிக்கப்படாமல் வரி தொடர்ந்தே சென்றது. ஆதலின், பொருளை ஒருவாறு உணர்ந்தாலன்றி ஓலையை வாசித்தல்தானும் இயலாதாயிற்று. வாசிப்பவன் ஒவ்வோர் எழுத்திலும் நின்று, 'இஃது ஏகாரமோ எகரமோ, இவ்வொற்று யாண்டு முடிகின்றது' என்று கருதிச் செல்ல வேண்டியவனானான். நூல் வேண்டுவோன் அதனைத் தன் கையாற் படியெடுக்கவும் வேண்டியிருந்தது. படியெடுத்தலும் ஓர் ஓதலேயாம். இவ்வாறு, விரும்பினும் விரும்பாவிடினும், ஓலை மாணாக்கனை மெல்லச் செல்லுமாறு கட்டுப்படுத்தியது.

1835-ஆம் ஆண்டில் அச்சுக்கூடம் வைத்தற்கு இந்நாட்டவர்க்கிருந்த தடை நீங்கியது. 1849-இல் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போந்து அச்சியந்திரம் வாங்கிச் சென்று வண்ணார்பண்ணையில் நிறுவினார். அவராலும் அவர்வழி வந்த பெரியோராலும் சைவநூல்கள் பிழையற அச்சாகி, சந்தி பிரித்தும் குறியீடுகள் இட்டும் எளியோர் கையிலும் வந்து சேர்ந்தன. இப்பேருதவியை எவ்வளவு புகழினும் தகும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலிய முயற்சிகளால் அந்நூல்கள் இணையத்தும் ஏறின. இன்று கைப்பேசி ஒன்றனுள்ளே பன்னிரு திருமுறையும், பதினான்கு சாத்திரமும், அவற்றின் உரைகளும், பழைய பதிப்புக்களின் நிழற்படங்களும் அடங்குகின்றன. ஒருகாலத்து ஒரு சுவடியைக் காண்டற்குப் பத்துக் காதம் நடந்த பெரியோர் இதனைக் கண்டால் இறைவன் திருவருளென்றே கொண்டாடுவர்.

எனினும், நூல் கைக்கு எளிதாய தொறும் நெஞ்சிற்கு அரிதாகி வருதலை யாம் காண்கின்றோம். ஒரு சொல்லை இட்டுத் தேடிய அளவிலே பாட்டு வந்து முன்னிற்கின்றது. ஆனால் அப்பாட்டிற்கு முன்னின்ற பாட்டும் பின்னின்ற பாட்டும் உடன் வருவதில்லை. சொற்பொழிவிற்குப் போகும் அன்பர் தமக்கு வேண்டிய ஓரடியைப் பறித்துக்கொண்டு செல்கின்றார். அவ்வடி பூர்வபக்கமாக எடுத்து மறுக்கப்பட்டதோ, சித்தாந்தமாக நிறுவப்பட்டதோ என்பதனை நோக்கினாரல்லர். பிறர் கொள்கையை மறுத்தற்கென்று ஆசிரியர் எடுத்தோதியதே சைவசித்தாந்தமென்று மேடையிற் கூறப்படுமாயின் அதனாற் கேட்போர்க்கு உளதாம் கேடு சிறிதோ? ஓதுமுறை பிழைத்தால் பொருள் பிழைக்கும். பொருள் பிழைத்தால் நெறி பிழைக்கும். இதுவே ஈண்டு நாம் அஞ்சற்பாலது.

நிரம்பக் கற்றவரும் தம் கல்வியை மீள ஆராய வேண்டுமென்பதற்கு நம் நாட்டிலே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி பெருஞ்சான்றாகும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1871 முதல் 1876-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சிவபதமடையும்வரை அவர்பாற் பாடங் கேட்டவர். திருவாவடுதுறை யாதீனத்திலே சுப்பிரமணிய தேசிகரது அன்பிற்கு உரியராய் வளர்ந்தவர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயினார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அவ்வூரில் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் கண்டார். முதலியார், 'தாங்கள் என்னென்ன நூல்கள் பாடங் கேட்டிருக்கின்றீர்கள்?' என வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் முதலிய பிரபந்தங்களையும், புராணங்களையும், இலக்கணங்களையும் நிரல்பட மொழிந்தார். அப்பட்டியல் நெடியது, அக்காலத்து அவ்வளவு கற்றோர் சிலரே. ஆயினும் முதலியார் வியந்திலர். இவையெல்லாம் பிற்காலத்தன என்றும், இவற்றிற்கு வேராய பழைய நூல்களைப் பார்த்ததுண்டோ என்றும் வினவி, சீவகசிந்தாமணி, மணிமேகலை முதலியவற்றின் பெயரைக் கூறினார். ஐயர் அவற்றைக் கற்றிருக்கவில்லை.

அன்று ஐயருக்கு அகவை 25. பெரும்புலவரொருவரின் மாணாக்கர், அரசினர் கல்லூரியில் ஆசிரியர். இத்தகையோர் பலர் அவ்வினாவைச் சினத்தோடு தள்ளியிருப்பர். 'சமண நூலைச் சைவ மடத்தார் கற்க வேண்டுவதென்னை?' என்று கூறித் தப்பியுமிருப்பர். ஐயர் அங்ஙனஞ் செய்திலர். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை எடுத்துச் சென்று கற்கத் தொடங்கினார். பாட்டு விளங்கிற்றில்லை; நச்சினார்க்கினியர் உரையும் பலவிடங்களில் விளங்கிற்றில்லை. அவ்வுரையாசிரியர் பெயர் கூறாமல் எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்நூலன என்பதும் தெரியவில்லை. விளங்காதனவற்றை விளங்கியனபோல் விட்டுச் செல்லாமல், குறித்து வைத்தார். குடந்தையிலிருந்த சமண இல்லங்களை அடைந்து அவர் மரபுகளைக் கேட்டறிந்தார். பழைய சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கினார். மேற்கோள்களின் இடங் காண்டற்பொருட்டுப் பிற நூல்களையும் கற்றார். ஏழாண்டு கழிந்து 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. பின்னர் 1889-இற் பத்துப்பாட்டும், 1892-இற் சிலப்பதிகாரமும், 1894-இற் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன.

இந்நிகழ்ச்சியைச் சங்கநூல்களின் பெருமை கூறுதற்கென்றே பலரும் எடுத்தோதுவர். யாம் ஈண்டு எடுத்தது அதுபற்றியன்று, கற்கும் முறைமைபற்றியாம். இதனாற் பெறப்படுவன மூன்று. முதலாவது, கற்ற நூல்களின் தொகை கல்விக்கு அளவுகோலன்று. 'இவற்றிற்கு வேர் யாது' என்னும் வினாவே அளவுகோல். இரண்டாவது, விளங்காதது இதுவென்று எல்லை கண்டு குறித்துக்கொள்ளுதலே விளக்கத்திற்கு வாயில். மூன்றாவது, ஐயர் முன் கற்றது வீணாகவில்லை என்பது. பிள்ளையவர்களிடம் பாட்டைச் செவியாற் கேட்டுக் கேட்டுப் பழகிய பயிற்சி இல்லையாயின், சிதைந்த ஏட்டிலே சீரும் தளையும் கொண்டு பாடங் காணுதல் அவர்க்குக் கைகூடியிராது. ஆகவே, கற்கும் முறையைத் திருத்துதலாவது முன்னைக் கல்வியை இகழ்தலன்று. அதனை உரிய இடத்தில் நிறுத்துதல் என்க.

இனி, தம்மைத் தாம் ஆராய்தற்குக் கருவி யாதெனின், அதனை நம் முன்னோர் பாயிரத்திலேயே வகுத்துவைத்தனர். பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை மூவகைப்படுத்து எட்டு உவமை கூறினார். அவர் சமணராயினும், சங்கர நமச்சிவாயரும் சிவஞான முனிவரும் அந்நூலுக்கு உரைகண்டும் திருத்தியும் சைவர் கையிற் கொடுத்தமையின், அஃது எடுத்தாளற்குரியதேயாம். அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், பொள்ளற்குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடைமாணாக்கர்க்கும் உவமையாயின. இவற்றைப் பிறரை அளத்தற்கென்றே ஆசிரியன்மார் கையாளுவர். யாம் கூறுவது, ஒவ்வொருவரும் நூலை மூடிவைக்கும்போது இவ்வெட்டனுள் தாம் எதுவாயினோம் என்று தம்மையே அளந்து பார்க்க வேண்டுமென்பது.

பழனிக்கு வடபாலுள்ள எமது கீரனூர்ப் புறத்தே ஆடு மேய்தலை நாடோறுங் காணலாம். ஒரு வேலஞ்செடியில் நாலு தழை கடிக்கும். அது முடியுமுன் அடுத்த செடிக்குத் தாவும். பொழுதெல்லாம் மேய்ந்தும் ஒரு செடியையும் முற்ற உண்டதில்லை. காலையிற் சித்தியாரில் இரண்டு பாட்டு, நண்பகலிற் கைப்பேசியில் வந்த யாரோ ஒருவர் விளக்கம், மாலையில் வேறொரு தத்துவ நூலின் முன்னுரை, இரவில் ஒரு சொற்பொழிவின் பாதி என்று கற்பவர் இவ்வாட்டினின்றும் வேறாவரோ? ஆவோ அங்ஙனமன்று. கிடைத்த இடத்தே நிரம்ப மேயும். பின்னர் நிழலிற் படுத்து, உண்டதனை மீட்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்ல மெல்லும். மேய்தற்கேயன்றி அசையிடுதற்கும் அது நெடும்பொழுது கொள்கின்றது. நாம் நூல் வாசிக்கும் பொழுதையும், வாசித்ததனை நினைக்கும் பொழுதையும் கணக்கிட்டுப் பார்த்தால் நம் நிலை வெளிப்படும். வாசித்தற்கு ஒரு நாழிகையும் நினைத்தற்கு ஒரு கணமும் இல்லையாயின், மேய்ந்ததுண்டு, அசைபோட்டதில்லை.

எருமை குளத்தைக் கலக்கிச் சேறாக்கிய பின்னரே நீருண்ணும். நூலின் கருத்தை அறியுமுன்னரே தன் கருத்தை அதனுட் புகுத்திக் கலக்கி, அக்கலங்கல் நீரையே நூலின் சுவையென்று கொள்வானுக்கு அஃது உவமை. பன்னாடையாவது நெய்யைக் கீழே விட்டு மண்டியைப் பற்றிக்கொள்வது. நூலிற் பயனுள்ளதனை விட்டு, ஆசிரியர் காலம் யாது, எவர் எவரை வென்றார் என்னும் வழக்கையே பற்றிக்கொள்வானுக்கு அஃது உவமை. காலவாராய்ச்சி வேண்டாவென்று யாங் கூறவில்லை. அதனோடு நிற்றலையே விலக்குகின்றோம். கிளி கற்பித்ததனையன்றிப் பிறிது சொல்லாது. மேற்கோளைப் பிழையின்றிச் சொல்லியும், 'இதனைத் தங்கள் சொல்லாற் கூறுக' என்றவழி வாயடைப்பவர் கிளியாவர். மண் உழுத அளவே விளையும்; முயன்ற அளவு பெறுதலின் அஃது இடைப்பட்டதாயினும் இகழற்பாலதன்று. அன்னம் நீரொழித்துப் பாலுண்பது. அஃது இறுதியில் எய்தற்பாலது. தொடக்கத்திலேயே யாம் அன்னமென்று எண்ணிக்கொள்பவர் பெரும்பாலும் பொள்ளற்குடமாகவே முடிவர்.

இனி, கேட்டலின் இன்றியமையாமை கூறுதும். நன்னூலார் ஆசிரியன்பாற் கேட்டு நன்கு பற்றிக்கொண்டவனுக்கும் காற்கூறு புலமையே உண்டாமென்றும், உடன்கற்பாரொடு பயிலுதலால் மற்றொரு காற்கூறு உண்டாமென்றும், தான் பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய இருகூறும் நிரம்புமென்றும் கூறினார். இக்கணக்கில் தனியேயிருந்து கண்ணால் வாசித்தற்கென ஒரு கூறும் வகுக்கப்பட்டிலாமை உற்றுநோக்கற்பாலது. திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்து, அதன் பின்னரே அறிவுடைமையை வைத்தார். கேள்வியைக் கடவாமல் அறிவுடைமைக்குச் செல்லும் வழியில்லை என்பது அவ்வைப்புமுறையாற் போந்த பொருள். பழனியிலே 1836-ஆம் ஆண்டிற் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையிலேயே அம்மைநோயாற் கண்ணொளி யிழந்தவர். ஏட்டைக் கண்டு கற்றல் அவர்க்கு இயலாது. பிறர் வாசிக்கக் கேட்டே கற்றார். அங்ஙனங் கற்றவர் இராமநாதபுரத்துச் சேதுபதி அவையிலே புலவர் போற்றும் புலவராய் விளங்கி 1884-இல் மறைந்தார். கண்ணிருந்தும் கேளாதவர்க்கு வாராத கல்வி, கண்ணின்றிக் கேட்டவர்க்கு வந்தது.

'பாடஞ் சொல்லுவார் இக்காலத்து எங்குளர்?' என்று வினவுவார் பலர். அவ்வினா முழுதும் பொருந்தாததன்று. ஆயினும், ஆசிரியனால் வருங் காற்கூறு கிடைத்திலதென்று, உடன்கற்பாரால் வருங் காற்கூற்றையும், உரைத்தலால் வரும் இருகூற்றையும் விடுதல் அறிவுடைமையாகாது. எமதூரில் நால்வர் ஐவர் மாலையில் ஒரு திண்ணையிற் கூடிச் சித்தியார் ஓதி வருகின்றனர். ஒருவர் பாட்டை வாய்விட்டு ஓதுவார், அடுத்தவர் பதம் பிரிப்பார், மூன்றாமவர் பொழிப்புக் கூறுவார், ஏனையோர் வினாவுவர். பதம் பிரிக்குமிடத்துத் தடுமாறுவாராயின் அவ்விடத்துப் பொருள் விளங்கவில்லை என்பது உடனே புலனாகும். தனியே கண்ணால் ஓடுபவர்க்கு இத்தடுமாற்றம் தோன்றாது. விளங்காத இடத்தையும் விளங்கியதாகவே கண் கடந்துவிடும். ஆதலின் வாய்விட்டு ஓதுதல் குரலுக்காக அன்று, உண்மைக்காக வேண்டப்படுவது.

அத்திண்ணையிலே ஒருநாள், எண்ணெய்ச் செக்கில் வேலைசெய்யும் இளைஞரொருவர் ஒரு வினா எழுப்பினார். 'ஐயா, வேதம், சாத்திரம், புராணம் முதலிய கலைகளால் வரும் அறிவெல்லாம் பாசஞானம் என்றும், அதனாற் பதியைக் காணலாகாது என்றும் சித்தியாரே கூறுகின்றது. அங்ஙனமாயின் இந்நூலை நாம் ஓதுவது எதற்கு?' என்பது அவ்வினா. பல்லாண்டு ஓதியவர்களும் விடைகூறச் சிறிது தாழ்த்தனர். அது நல்ல வினா. நம் ஆராய்ச்சிக்கு உயிராய வினாவும் அதுவே.

அதற்கு விடை வருமாறு: ஒன்பதாஞ் சூத்திரத்தில் நூலறிவு பாசஞானமென விலக்கப்பட்டது, அதனையே முடிந்த பயனென்று கொள்வாரை நோக்கியாம். எட்டாஞ் சூத்திரத்தில் நூலோதுதல் ஞானபூசையென விதிக்கப்பட்டது, அது கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் படிகளின் முதற்கண் நிற்றல் நோக்கியாம். ஏணி ஏறுதற்குரியது, ஏணியையே தழுவிக்கொண்டு நிற்பவன் மேனிலையை எய்தான், ஏணி வேண்டாவென்று எறிந்தவனும் எய்தான். எனவே ஒரே நூல், ஓதுவானது நோக்கத்தால், ஒருவனுக்குப் பாசமும் மற்றொருவனுக்குப் பூசையும் ஆகின்றது. 'யான் இத்துணை நூல் கற்றேன்' என்று எண்ணுமிடத்து, அந்நூல்கள் நிலமும் பொன்னும் போல 'எனது' என்னும் பற்றிற்கு இடமாகின்றன; 'யான்' என்னும் செருக்கிற்கு எருவாகின்றன. ஆணவத்தை அறுத்தற்கு எடுத்த வாளே அதற்கு அணியாய்விடின், அவலம் அதனின் மிக்கது யாது? ஓதும் முறைமையை ஆராய்தல் நேரத்தை மிச்சப்படுத்தும் சூழ்ச்சியன்று. உயிர்க்கு உறுதி நாடுவார் செய்துகொள்ளும் மலசோதனை என்பது இதனால் விளங்கும்.

அற்றேல், திருமுறைப் பாராயணத்திற்கும் இவ்விதி யொக்குமோ எனின், கூறுதும். பொருளறியாத சிறுவனும் அன்பினாற் பதிகம் ஓதுவானாயின் அவ்வன்பு வீண்போகாது. அது கிரியையாய் நின்று பயன்றரும். ஆயினும் பொருளறிய வல்லவன் அறியாமலே ஓதி அமைதல் சோம்பலேயாம். திருவாசகத்தின் முதற்கண் நின்ற சிவபுராணத்தின் ஈற்றிலே மணிவாசகப்பெருமான் சிவபுரப் பேற்றினைப் பொருள் தெரிந்து ஓதுவார்மேல் வைத்து முடித்தமை நாம் மறக்கற்பாலதன்று.

மாற்றார் நூலைக் கற்றல் குற்றமாகுமோ என ஐயுறுவாரும் உளர். அருணந்தி சிவாசாரியர் சுபக்கத்தை அருளுமுன் பரபக்கத்தை 301 பாட்டால் அருளினார். அதன்கண் உலகாயதன் முதல் பாஞ்சராத்திரி யீறாகப் பதினான்கு திறத்தார் கொள்கையையும் முன்னர் அவர் கூறுமாறே எடுத்து நிறுத்தி, பின்னரே மறுத்தார். மாற்றான் சொல்வதனை அவன் ஒப்புமாறு சொல்ல வல்லனாய பின்னன்றி மறுத்தற்கு உரிமையில்லை என்பது அதனாற் பெறப்படும். தம் கட்சிக்கு உதவும் நூலையே தேடித் தேடிக் கற்றல், கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதோ டொக்கும்.

இனி, நாடோறும் கைக்கொள்ளற்பாலன சில கூறி அமைவாம். முதலாவது, ஓராண்டிற்கு ஒரு தலைநூல் என வரையறுத்துக்கொள்க. சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரமுடையது. திங்களுக்கு ஒன்றாகச் சிவஞான முனிவர் சிற்றுரையோடு கற்பின் ஓராண்டில் நிரம்பும். திருவருட்பயன் பத்ததிகாரம், 100 குறள். திங்களுக்கு ஓரதிகாரம் கற்பின், மீளப் பார்த்தற்கு இரண்டு திங்கள் எஞ்சும். சித்தியார் சுபக்கம் 328 பாட்டு. நாளொன்றுக்கு ஒன்றாக ஓதின் ஆண்டில் 37 நாள் மிஞ்சும். அந்நாட்களை விளங்காத பாட்டுக்களுக்கென்று ஒதுக்குக. விரைபவர்க்கு இது சிறிதாகத் தோன்றும். ஆயின் பத்தாண்டு விரைந்து ஓடியும் ஒரு நூலும் முடியாதவர் பலராதலை நோக்குக.

இரண்டாவது, விளங்காதனவற்றிற்கென்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. அழகிய மேற்கோள்களை எழுதிவைக்கும் ஏடு பலரிடம் உண்டு. ஐயங்களை எழுதிவைக்கும் ஏடு சிலரிடமே உண்டு. ஐயத்தை எழுதி, நாளும் இட்டு, விடை பெற்றவழி அதன் பக்கத்திலே அதனையும், அது யார்பாற் பெறப்பட்டது என்பதனையும் எழுதுக. ஆண்டிறுதியில் அவ்வேடே நம் கல்விக்குக் கண்ணாடியாம். ஐயம் ஒன்றும் எழுதப்படாத திங்கள் முற்ற விளங்கிய திங்களன்று, கருத்தின்றி ஓதிய திங்களாகும்.

மூன்றாவது, ஓதும்போழ்து கைப்பேசியை வேறறையில் வைக்க. அதிலேயே நூலைக் காண்பாராயின், ஏனைச் செய்திகள் வந்து தட்டாதபடி வாயிலை அடைத்துக்கொள்க. பூசையின்கண் மணியடித்தல் நம் மனத்தை இறைவன்பால் ஒருக்குதற்கு; இக்கருவியின் மணியோசையோ ஒருங்கிய மனத்தைச் சிதறடித்தற்கு. சொல்லைத் தேடிக் கண்ட பாட்டினை, அதற்கு முன்னைந்தும் பின்னைந்தும் ஓதியல்லது எடுத்தாளுவதில்லை என்று நியமஞ் செய்துகொள்க.

நான்காவது, ஓதி முடித்தபின் நூலை மூடி, ஓதிய பாட்டின் கருத்தைத் தம் சொல்லாற் கூறிப் பார்க்க. கூற வாராதாயின் மீண்டும் ஓதுக. அதன்பின் அன்றிரவு உறங்குமுன் ஒருகால் அதனை நினைக்க. இதுவே ஆ அசையிடுதல்.

ஐந்தாவது, கிழமைக்கு ஒருமுறையேனும் ஒருவரோடு கூடி ஓதுக, ஒருவர்க்கேனும் உரைக்க. கேட்போர் பெரும்புலவராதல் வேண்டுவதில்லை. மனைவிக்கோ மகனுக்கோ அண்டை வீட்டார்க்கோ ஒரு பாட்டின் பொருளை விளங்கச் சொல்ல முயலும்போழ்தே, தாம் கற்றது எவ்வளவு என்பது தமக்கே புலனாகும்.

மடங்களில் வாழும் அன்பர்க்கு ஒரு சொல். ஆதீனங்கள் முற்காலத்து நிலைபெற்றது நிலத்தினால் மட்டுமன்று. பாடஞ் சொல்லும் வாயினாலும் கேட்குஞ் செவியினாலும் நிலைபெற்றன. சிவஞான முனிவர் மாபாடியம் செய்ததும், மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் மாணாக்கரை வளர்த்ததும் அச்செல்வத்தாலாம். நூல்களை நிழற்படமாக்கி வைத்தல் உடம்பைப் போற்றுதல். பாடங்கேட்கும் மரபைப் போற்றுதலே உயிரைப் போற்றுதல். ஒரு மடத்தில் நாள்தோறும் ஒரு முகூர்த்தமேனும் ஒருவர் ஓத, ஒருவர் வினாவ, ஒருவர் விடைகூறும் ஒலி எழுமாயின், அங்கே சைவம் வாழ்கின்றது. அவ்வொலியின்றி ஆயிரம் நூல் பேழையிலும் கைப்பேசியிலும் உறங்குமாயின், அவற்றைக் காவல் செய்தோமென்றல்லது கற்றோமென்று நாம் கூறலாகாது.

கல்விக்குக் கரையில்லை, வாழ்நாள் சில, அந்நாளிலும் நோயும் கவலையும் பல. ஆதலின் எத்துணை கற்றோமென்பதனை விடுத்து, கற்றது எத்துணை நம்மைத் திருத்திற்றென்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சை வினவுக. விடை குறைவாயின் வருந்தற்க. நாளைக் காலையில் ஒரு பாட்டை எடுத்து, வாய்விட்டு ஓதி, பதம் பிரித்து, பொருள் கண்டு, ஐயத்தைக் குறித்து வைக்க. அவ்வொரு பாட்டிலிருந்தே ஞானபூசை தொடங்கும்.

திருச்சிற்றம்பலம்.